முதலில் கணுவைப் பாருங்கள்

செடிகளை வர்ணித்து எழுதக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் முதல் நாளே கேட்பது சொற்பட்டியல். முட்டை வடிவம், ஈட்டி வடிவம், இதய வடிவம், பல் விளிம்பு, அலை விளிம்பு என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தால் மறுநாளே ஒப்பித்துவிடுவார்கள். நான் கொடுப்பதில்லை. உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் ஹெர்பேரியத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதிய வர்ணனைகளைத் திருத்தியே தலை நரைத்தவன் நான். சொல் தெரியாமல் தவறியவர்களை அதிகம் பார்த்ததில்லை. சிற்றிலையை இலை என்று நினைத்து அதற்கு மிகச் சரியாக வடிவம் சொன்னவர்கள், பூவடிச் செதிலை இதழென்று நினைத்து அதன் நிறத்தை அழகாக எழுதியவர்கள், இவர்களுடைய தாள்கள்தாம் என் மேசையில் குவிந்தன. உறுப்பு எது என்று தீர்மானமாகாமல் அதன் உருவத்தைச் சொல்லிப் பயனில்லை. உறுப்பு எது என்பதை அது உட்கார்ந்திருக்கும் இடம் சொல்லும்.

1. எந்தச் செடியைக் கையில் எடுத்தாலும் முதலில் கணுவைத் தேடுங்கள். தண்டில் இலை ஒட்டியிருக்கும் இடம் கணு. இலைக்காம்புக்கும் தண்டுக்கும் இடையே மேல்புறம் உள்ள கோணத்தில் ஒரு மொட்டு இருக்கும். சில செடிகளில் வெறுங்கண்ணுக்கே தெரியும். சிலவற்றில் லென்ஸ் வேண்டும். அந்த மொட்டுதான் நமக்குச் சாட்சி. மொட்டைக் கோணத்தில் வைத்துக்கொண்டு நிற்பது இலை. கோணத்தில் மொட்டே இல்லாமல் வரிசையாக ஒட்டியிருப்பவை சிற்றிலைகள். அவையெல்லாம் சேர்ந்துதான் ஓர் இலை, அதாவது கூட்டிலை.

கறிவேப்பிலையை எடுத்துக்கொள்ளுங்கள். குழம்பில் ஒரு இணுக்கு கிள்ளிப் போடுகிறோமே, அந்த இணுக்கு முழுதும் ஒரே இலை. உருவிப் போடுகிற ஒவ்வொன்றும் சிற்றிலை. சிற்றிலையின் கோணத்தில் எவ்வளவு தேடினாலும் மொட்டு கிடைக்காது. இணுக்கின் அடியில், அது கிளையோடு சேரும் இடத்தில் கிடைக்கும். இந்தச் செடியின் அறிவியல் பெயரில் இரண்டாவதாக வரும் ‘கோனிகி’, தாவரவியலறிஞர் லின்னேயசிடம் படித்து 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து சேர்ந்த யோகான் கேர்ஹார்ட் கோனிக் என்பவரின் பெயர். அதிகாலையில் ரசத்துக்குத் தாளிக்கும்போது தரங்கம்பாடியை நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

இனி நெல்லிக்குப் போங்கள். குச்சியின் இரு பக்கமும் சின்னஞ்சிறு இலைகள் நெருக்கமாக, புளியிலை போலவே இருக்கும். பார்த்தவுடன் ‘கூட்டிலை’ என்று எழுதத் தோன்றும். பூக்கும் காலத்தில் அதே குச்சியைத் திருப்பிப் பாருங்கள். அந்தச் சிறு இலைகளின் கோணங்களில் பூக்கள் இருக்கும். கோணத்திலிருந்து பூ வருகிறதென்றால் அங்கே மொட்டு இருந்தது என்று பொருள். ஆகவே அவை தனி இலைகள்; நடுவில் ஓடுவது இலையின் அச்சு இல்லை, சிறு கிளை. மரமும் நம்மை ஏமாற்றத்தான் பார்க்கிறது. அந்தச் சிறு கிளைகள் இலையைப் போலவே முழுதாக உதிர்ந்துவிடும். கீழாநெல்லியிலும் இதுதான் நிலை. இலைகளுக்குக் கீழே வரிசையாகத் தொங்குகிற காய்களைப் பார்த்தவர்கள் பெயரிலேயே விடையை எழுதிவைத்துவிட்டார்கள்.

புளி, நெல்லி, கறிவேப்பிலை மூன்றையும் ஒரே மேசையில் வைத்து மொட்டு எங்கே என்று தேடிவிட்டு வாருங்கள். அதன் பிறகு மற்றதைப் பேசலாம்.

2. இலை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைத் தீர்மானித்த பிறகுதான் அளவுகோலை எடுக்க வேண்டும். முருங்கையில் ஓர் இலை முழங்கை நீளம் இருக்கும். அச்சு பிரிந்து, பிரிந்தது மறுபடி பிரிந்து, கடைசியில்தான் நாம் கீரையாக உருவுகிற சிற்றிலைகள் வரும். வேம்பில் அச்சு ஒருமுறையோடு நின்றுவிடும். மலைவேம்பில் மேலும் பிரியும். இரண்டையும் தூரத்திலிருந்தே பிரித்தறிய இதுவே போதும். எலுமிச்சை எதிர்ப்பக்கத்து வேடிக்கை: பார்வைக்குத் தனி இலை, ஆனால் காம்பும் பரப்பும் சேரும் இடத்தில் ஒரு மூட்டு இருக்கிறது. அந்த மூட்டு, இது ஒரே ஒரு சிற்றிலை மட்டும் மிஞ்சிய கூட்டிலை என்கிறது. அதன் உறவான வில்வத்தில் சிற்றிலைகள் மூன்று. நாரத்தைக் காம்பின் இரு பக்கமும் அகன்று இறக்கை போல இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பரப்போடு சேர்த்து அளந்துவிடாதீர்கள்.

3. ‘முள் உண்டு’ என்று எழுதி நிறுத்தாதீர்கள். எங்கிருந்து கிளம்புகிறது என்று எழுதுங்கள்.

எலுமிச்சை முள் இலைக்கோணத்திலிருந்து வருகிறது. கோணம் மொட்டின் இடம். ஆகவே அது கிளையாக வேண்டியது. கருவேலத்தில் முட்கள் இலைக்காம்பின் அடியில் இரு பக்கமும் ஜோடியாக நிற்கும். அந்த இடம் இலையடிச் செதில்களுக்கு உரியது. இலந்தையிலும் அதே இடம்தான், ஆனால் ஜோடியில் ஒன்று நேராகவும் மற்றது கொக்கியாகவும் இருப்பதைப் பெரும்பாலும் காணலாம். வேலியில் கையைவிட்டு இழுத்தவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ரோஜாவில் முள்ளுக்கும் கணுவுக்கும் சம்பந்தமே இல்லை. தண்டில் எங்கு வேண்டுமானாலும் முளைக்கும். பெருவிரலால் பக்கவாட்டில் தள்ளினால் மேல்தோலோடு பெயர்ந்துவிடும். இலவ மரத்தின் இளம் அடிமரத்தில் கூம்பு கூம்பாக இருப்பவையும் இந்த வகைதான். சப்பாத்திக் கள்ளியில் நாம் தடித்த இலை என்று நினைப்பது தண்டு. இலையின் வேலையைத் தண்டு எடுத்துக்கொண்டுவிட்டது, இலைகள் முள்ளாகிவிட்டன.

‘முள் உள்ள, கூட்டிலை கொண்ட மரம்’ என்று ஒருவர் எழுதினால் அது கருவேலத்துக்கும் பொருந்தும், சீமைக்கருவேலத்துக்கும் பொருந்தும். ஒன்றில் பூக்கள் மஞ்சள் உருண்டையாகத் திரண்டிருக்கும், மற்றதில் நீண்ட கதிராக இருக்கும். ஒன்றின் காய் விதைக்கு விதை இடுங்கி மணி கோத்தது போலிருக்கும், மற்றதன் காய் இடுங்காமல் வைக்கோல் நிறத்தில் சதைப்பற்றோடு இருக்கும். இவற்றைச் சொல்லாத வர்ணனையை வைத்துக்கொண்டு ஒருவர் எந்த மரத்தை வெட்டுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

4. பளிச்சென்று நிறம் இருந்தால் அது இதழ் என்று எண்ணாதீர்கள். காகிதப்பூவில் சிவப்பாகவோ ஊதாவாகவோ மூன்று இருக்கின்றனவே, அவை பூவடிச் செதில்கள். ஒவ்வொன்றின் உட்பக்கமும் நடுநரம்பில் ஒட்டிக்கொண்டு மெல்லிய குழாயாக ஒன்று நிற்கும், பூ அதுதான். வாழைப்பூவில் நாம் உரித்தெறியும் செம்மடல்களும் பூவடிச் செதில்களே. உள்ளே வரிசையாக இருப்பவை பூக்கள். ஆய்வதற்கு உட்கார்ந்தவர்கள் ஒவ்வொரு பூவிலிருந்தும் ‘கள்ளன்’ என்று உருவிப் போடும் விறைத்த குச்சி சூல்தண்டும் அதன் முடியும். வாழையின் ‘மரம்’ இலைகளின் அடிப்பகுதிகள் ஒன்றை ஒன்று உறைபோல் சுற்றியது. உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. பொரியலுக்கு நறுக்குகிற வாழைத்தண்டு, குலையைத் தாங்கி நடுவே ஏறி வரும் பூந்தண்டு. இந்த ஒரே செடியில் பேச்சு வழக்கும் தாவரவியலும் இத்தனை இடத்தில் பிரிகின்றன. பேச்சு வழக்கைத் திருத்தப் போகாதீர்கள். உங்கள் குறிப்பேட்டில் மட்டும் சரியாக எழுதுங்கள்.

சூரியகாந்தியும் வெட்டுக்காயப் பூண்டும் நமக்கு ஒரு பூவாகத் தெரிபவை. அவை சிரமஞ்சரி, அதாவது பல பூக்கள் ஒரே தட்டில் அமர்ந்த கூட்டம். ஓரத்தில் நாக்கு நீட்டியிருப்பது ஒரு பூ. நடுவில் புள்ளியாகத் தெரியும் ஒவ்வொன்றும் ஒரு பூ. ‘பூவின் விட்டம் 2 செ.மீ.’ என்று எழுதும் முன், எந்தப் பூவின் விட்டம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

5. காய்கறிக் கூடை நல்ல ஆய்வுக்கூடம். கத்தரிக்காயில் புல்லிவட்டம் காம்புப் பக்கம் இருக்கிறது, தக்காளியிலும் அப்படியே. கொய்யாவிலும் மாதுளையிலும் அது எதிர்முனையில், கிரீடமாக நிற்கிறது. முன்னதில் சூற்பை புல்லிக்கு மேலே இருந்தது. பின்னதில் கீழே இருந்தது. மேல்மட்டச் சூற்பை, கீழ்மட்டச் சூற்பை என்று பாடப்புத்தகம் சொல்வது இவ்வளவுதான். பூ உதிர்ந்து மாதங்கள் ஆன பிறகும் காய் அதைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டுங்கள். ஐந்து அறைகள், விதைகள் நடு அச்சில் ஒட்டியிருக்கும். பப்பாளியை வெட்டுங்கள். ஒரே அறை, விதைகள் சுவரில் ஒட்டியிருக்கும். அவரையை உரித்தால் ஒரே தையலின் ஓரமாக விதைகள் வரிசையாக இருக்கும். சூல் ஒட்டுமுறை என்ற தலைப்பில் மாணவர்கள் திணறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு. வீட்டில் அரிவாள்மணை இருக்கிறதே!

பலாவும் சீத்தாவும் வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரி கரடுமுரடு. சீத்தா ஒரே பூவிலிருந்து வந்தது. அந்தப் பூவில் இருந்த பல சூலகங்கள் ஒன்று சேர்ந்து பழமானது, ஆகவே திரள்கனி. பலா ஒரு முழு மஞ்சரி, அதாவது பூக்களின் கூட்டம்; ஒவ்வொரு சுளையும் ஒவ்வொரு பூவின் கொடை, ஆகவே கூட்டுக்கனி. சுளைகளுக்கு நடுவே நாம் விலக்குகிற சடை, கருவுறாத பூக்கள். அத்தியில் மஞ்சரியே குடம் போல மூடிக்கொண்டு பூக்களை உள்ளே வைத்துக்கொள்கிறது. அத்தி பூத்தாற்போல என்கிறோம். அது பூக்கத்தான் செய்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு.

முந்திரியில் பழமென்று கடிப்பது பருத்த காம்பு. அதன் நுனியில் தொங்கும் கொட்டைதான் கனி.

6. வடிவத்துக்கு இப்போது வருவோம். இங்கேயும் ‘எங்கே’ என்ற கேள்விதான் முதலில். இலைப்பரப்பின் மிக அகன்ற இடம் எங்கே இருக்கிறது? நடுவிலா, காம்புப் பக்கமா, நுனிப் பக்கமா? நடுவில் என்றால் நீள்வட்டம். காம்புப் பக்கம் என்றால் முட்டை வடிவம். நுனிப் பக்கம் என்றால் தலைகீழ் முட்டை. நாட்டு வாதுமை இலை அப்படிப்பட்டது. ஓரங்கள் நெடுகிலும் இணையாக ஓடினால் நீள்சதுரம். அதன் பிறகு நீளத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள். இலை குறுகக் குறுக முட்டை ஈட்டியாகிறது. எந்த விகிதத்தில் மாறுகிறது என்பதில் பழைய ஆசிரியர்களிடையே ஒற்றுமை இல்லை. ஒருவருடைய ஈட்டி வடிவம் இன்னொருவருக்கு ஒடுங்கிய நீள்வட்டம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, விளக்கச் சொற்களுக்கென்று பிரிட்டனில் அமைந்த ஒரு குழு 1962இல் ‘டாக்சன்’ இதழில் வடிவங்களை விகிதங்களோடு அட்டவணையாக வெளியிட்டது. ஒரு பிரதி எடுத்து மேசைமேல் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒட்டிக்கொள்ள முடியாவிட்டால் நீளம் அகலம் இரண்டையும் எழுதிவிடுங்கள். எண் யாரையும் ஏமாற்றாது.

முழு வடிவம் வேறு, அடி வேறு, நுனி வேறு, விளிம்பு வேறு. நான்கையும் தனித்தனியாக எழுதுங்கள். அரசும் பூவரசும் ‘இதய வடிவ இலை’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். அரசிலையின் நுனி நீண்ட வாலாக இழுபட்டிருக்கும், பூவரசில் அப்படியில்லை. மறுபடி கணுவுக்கு வாருங்கள்: அரசின் கிளையில் கணுவைச் சுற்றி மோதிரம் போட்டது போல் ஒரு தழும்பு, இலையடிச் செதில் உதிர்ந்த அடையாளம். கிள்ளினால் வெண்பாலும் வரும். பூவரசில் இரண்டும் கிடையாது. இலையே பார்க்காமல் குச்சியை மட்டும் வைத்துக்கூடச் சொல்லிவிடலாம்.

7. ஒரு இலையை அளந்து எழுதாதீர்கள். பல இலைகளை அளந்து சிறியதையும் பெரியதையும் எழுதுங்கள். பெரும்பாலானவை 4–7 செ.மீ., எங்கோ ஒன்று 3, எங்கோ ஒன்று 9 என்றால் (3) 4–7 (9) செ.மீ. என்று எழுதுவது வழக்கம். காம்பின் நீளம் தனி. ‘சுமார்’ என்ற சொல் உங்கள் குறிப்பேட்டில் எத்தனை தடவை வருகிறதோ அத்தனை தடவை அளவுகோல் வீட்டில் இருந்திருக்கிறது.

8. 10 மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, செடியை அதற்கு அருகே கொண்டுவர வேண்டும். பலரும் துப்பறியும் படத்தில் வருவது போல் லென்ஸைச் செடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டுகிறார்கள், ஒன்றும் தெரியாது.

‘மயிருள்ளது’ என்பது முள்ளைப் போலவே அரைகுறைச் சொல். துத்தியின் இலையில் மயிர்கள் விண்மீன் போல ஓர் இடத்திலிருந்து பல கிளையாக விரியும். நாய்வேளையில் ஒவ்வொரு மயிரின் தலையிலும் ஒரு சுரப்பி. கை ஒட்டுவது அதனால்தான். செந்தட்டியில் மயிர் ஊசியாகக் குத்தும், அதை லென்ஸ் இல்லாமலே உணர்வீர்கள். இலையின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம், நரம்பு, காம்பு, புல்லி என்று ஒவ்வோரிடத்திலும் தனியாகப் பாருங்கள். இளம் இலையில் அடர்ந்திருந்து முதிர்ந்தால் உதிர்ந்துபோகும் மயிரும் உண்டு.

ஓர் இலவசச் சோதனை: எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலை இவற்றின் இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியது போல ஒளிப்புள்ளிகள் தெரியும். எண்ணெய்ச் சுரப்பிகள் அவை. மூன்றும் ஒரே குடும்பம் என்பதை மணத்துக்கு முன்பே ஒளி சொல்லிவிடும்.

9. காயவைத்தால் போய்விடுவதை முதலில் எழுதுங்கள். பூவின் நிறம், மணம், பாலின் நிறம், மரத்தின் உயரம், பட்டையின் தன்மை. இவை எதுவும் தாளில் ஒட்டிய மாதிரியில் தங்காது. இலை அமைவும் விளிம்பும் நூறு வருடம் கழித்தும் அங்கேயே இருக்கும். அவற்றை வீட்டுக்கு வந்து எழுதலாம். எருக்கின் பால் வெள்ளை, பிரம்மதண்டின் பால் மஞ்சள். கிள்ளிய அந்த நிமிடத்தில் பார்த்தால்தான் உண்டு. நிறத்தோடு நேரத்தையும் குறியுங்கள். பூவரசம்பூ மலரும்போது மஞ்சள், வாடும்போது செந்நிறம். உன்னிச்செடியில் ஒரே கொத்தில் நடுவே ஒரு நிறம், ஓரத்தில் ஒரு நிறம். வெளிப்பூக்கள் முன்னே மலர்ந்தவை. வயது ஏற ஏற நிறம் மாறியிருக்கிறது. ‘இருநிறப் பூக்கள்’ என்று எழுதினால் பொய்யில்லை, ஆனால் நடந்ததை விட்டுவிட்டீர்கள்.

10. எந்தக் கிளையிலிருந்து பறித்தோம் என்பதும் வர்ணனையில் சேரும். நீலகிரியில் தைல மரத்தின் இளங்கன்றைப் பாருங்கள்: இலைகள் எதிரெதிராக, காம்பில்லாமல், வெண்ணீலச் சாம்பல் பூசி அகலமாக இருக்கும். முதிர்ந்த மரத்தில் மாற்றிலை அமைவு, காம்பு, அரிவாள் போல் வளைந்த நீண்ட இலை. தெரியாதவர் இரண்டு மரமென்றே எழுதுவார். பலாக்கன்றின் இலை சில சமயம் மடல் மடலாகப் பிளந்திருக்கும். மரமான பின் அதைத் தேடினால் கிடைக்காது. வெட்டுப்பட்ட அடிமரத்திலிருந்து கிளம்பும் தளிர்களும் நம்பத் தகுந்தவை இல்லை.

11. ஒப்பிடுகையில் ஒரே உறுப்பை ஒப்பிடுங்கள். இரண்டிரண்டு தேர்வுகளாகப் பிரித்துச் செடியை அடையாளம் காட்டும் திறவுகோலை எழுதக் கற்கும்போது ‘இலை எதிரெதிர்’ என்று ஒரு கால், ‘பூ வெள்ளை’ என்று மறு கால் வைப்பவர்கள் உண்டு. இலை எதிரெதிராகவும் பூ வெள்ளையாகவும் உள்ள செடி வந்தால் எந்தப் பக்கம் போவது? நம் ஊர் எருக்கு இரண்டு வகை. ஒன்றில் அல்லி மடல்கள் விரிந்து பின்னோக்கி மடங்கும். மற்றதில் நிமிர்ந்து நிற்கும், நுனியில் ஊதா தீட்டியிருக்கும். ஒரே உறுப்பு, எதிரெதிரான இரண்டு நிலை. திறவுகோலுக்கு இதுதான் வேண்டும்.

12. ‘பெரும்பாலும்’, ‘சில சமயம்’, ‘அரிதாக’ என்ற சொற்களைச் சோம்பலுக்குப் பயன்படுத்தாதீர்கள். ‘பெரும்பாலும் எதிரிலை’ என்று எழுதினால் எதிரெதிராக இல்லாததையும் நீங்கள் கண்டிருக்க வேண்டும்.

13. வரிசை: கீழிருந்து மேல், வெளியிலிருந்து உள். செடியின் வளரியல்பு, தண்டு, இலை, மஞ்சரி, பூ, கனி, விதை. பூவுக்குள் புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம். இதை மாற்றிப் புதுமை செய்ய வேண்டாம். வாசிப்பவர் தேடுவது குறித்த இடத்தில் கிடைக்க வேண்டும், அவ்வளவே.

14. வரைந்து பாருங்கள். கலைஞனாக வேண்டியதில்லை. கண் தாண்டிப் போனதைப் பென்சில் தாண்ட முடியாது: காம்பு எந்த இடத்தில் தண்டோடு சேர்கிறது என்று வரையத் தெரியாமல் கை நிற்கும்போதுதான் அதைப் பார்க்கவே இல்லை என்று தெரியும். தாவரவியலறிஞர் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படத்தொகுதியில் 2000க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. அவருக்காக வரைந்த இந்திய ஓவியர்களில் ரங்கையா, கோவிந்து இருவரின் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார். அந்தப் படங்களில் முழுக் கிளைக்குப் பக்கத்தில் பிரித்துப் பெரிதாக்கிய பூவுறுப்புகளைப் பாருங்கள். சூற்பையின் குறுக்குவெட்டை வரைந்த கை, நமது பாடப்புத்தகப் படங்களை வரைந்த பல கைகளைவிட நிதானமானது.

15. சொற்களைப் பற்றி என்னைத் தனியாகப் பிடித்துக் கேட்பவர்களுக்காக இது. நாம் இன்று பயன்படுத்தும் முறையான உறுப்புச் சொற்களுக்கு எல்லை வகுக்கத் தொடங்கியவர்களில் ஜெர்மானியரான யோவாகிம் யுங்கியுஸ் முக்கியமானவர். தனி இலையையும் கூட்டிலையையும் பிரித்துச் சொன்னவர். 1657இல் இறந்தார், அவருடைய நூல் 1678இல்தான் அச்சேறியது. அதே 1678இல் ஆம்ஸ்டர்டாமில் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ முதல் தொகுதி வெளிவந்து, சேர்த்தலை இட்டி அச்சுதன் வைத்தியரின் தாவர அறிவு ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. லின்னேயஸ் 1751இல் எழுதிய ‘பிலோசோபியா பொட்டானிகா’ இந்தச் சொற்களை ஒழுங்குபடுத்தியது. நம் பக்கத்தில் தொல்காப்பிய மரபியல், வைரம் புறத்தே உள்ளதைப் புல்லென்றும் அகத்தே உள்ளதை மரமென்றும் பிரித்து, இரண்டுக்கும் உறுப்புப் பெயர்களைத் தனித்தனியாகவே சொல்கிறது. தென்னையும் பனையும் அந்தக் கணக்கில் புல். இன்று தண்டைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்க்கிறவர்களுக்கு அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

புதிய தாவர இனத்துக்கு முறைப்படி பெயரிட 1935 முதல் 2011 முடிய லத்தீனில் விளக்கம் தர வேண்டியிருந்தது. 2012 ஜனவரி 1 முதல் ஆங்கிலத்திலும் தரலாம். தமிழில் எழுதுவது அந்தச் சடங்குக்கு உதவாது. ஆனால் உங்கள் ஊர்க் காட்டில் இருப்பதை உங்கள் ஊர்ப் பிள்ளைகள் அடையாளம் காண உதவும், அதற்காக எழுதுங்கள். இலையடிச் செதில் என்று ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு மறுபக்கத்தில் இலைச்செவி என்று மாற்றாதீர்கள். கட்டுரையில் சொல் திரும்ப வந்தால் அலுப்பு. வர்ணனையில் சொல் மாறினால் உறுப்பே மாறிவிட்டதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

16. எழுதியதைச் சரிபார்க்கக் கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கோ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்துக்கோ போங்கள். ஜே. எஸ். கேம்பிள் 1915இல் வெளியிடத் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் ஃபிஷர் 1936இல் முடித்த சென்னை மாகாணத் தாவரத் தொகுதியைப் புரட்டுங்கள், பாதிரியார் கே. எம். மேத்யூ தமிழ்நாட்டுச் சமவெளிக்கும் குன்றுகளுக்கும் செய்ததைப் பாருங்கள். முதலில் நீங்கள் எழுதிவிட்டு, பிறகு அவர்கள் எழுதியதைப் படிக்க வேண்டும். வரிசை மாறினால் கண் அவர்களுடையதாகிவிடும்.

17. எந்தச் செடியில் தொடங்குவது என்றால், தும்பை. வரப்பில் கிடைக்கும், யாரும் தடுக்க மாட்டார்கள். தண்டை விரலுக்கிடையில் உருட்டுங்கள். உருளாது, நான்கு பட்டை. இலைகள் எதிரெதிர், ஒரு கணு ஜோடிக்கு அடுத்த கணு ஜோடி குறுக்காக நிற்கும். பூக்கள் கணுவைச் சுற்றி வளையமாக இருப்பது போலத் தெரியும். பிரித்துப் பாருங்கள்: இரண்டு இலைக் கோணங்களிலிருந்து இரண்டு கொத்துகள் வந்து நெருங்கி வளையம் போல் ஆகியிருக்கின்றன. அல்லி இரண்டு உதடு. மேலுதடு குல்லாய் போல் கவிந்து மயிரோடு இருக்கும், கீழுதடு அகன்று நீண்டிருக்கும். மகரந்தத்தாள் நான்கு, இரண்டு நெட்டை இரண்டு குட்டை. சூற்பை நான்கு பிளவு. இதை முழுதும் எழுதிவிட்டுத் துளசியை எடுங்கள். பாதி எழுதத் தேவையிருக்காது. மீதிப் பாதியில்தான் வேலை.

18. புல்லைத் தொடாதீர்கள். சின்னக் கதிருக்குள் உமியும் உமிக்குள் உமியுமாக வேறொரு சொற்கூட்டமே இருக்கிறது. அதற்கு இன்னும் ஒரு வருடம் போகட்டும். கை சும்மா இருக்காது என்றால் புல்லையும் கோரையையும் பிரிக்க மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். கோரையின் தண்டு பெரும்பாலும் முக்கோணம், உள்ளே சோறு நிறைந்தது. இலைகள் மூன்று வரிசை, இலையுறை மூடிய குழாய். புல்லின் தண்டு உருண்டை, கணுக்களுக்கிடையே பெரும்பாலும் உள்ளீடற்றது. இலைகள் இரண்டு வரிசை, இலையுறை பெரும்பாலும் ஒரு பக்கம் திறந்தது. வயலில் களை எடுக்கும் பெண்களிடம் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே பிரித்துக் காட்டுவார்கள்.